டோக்கியோவில் ஒரே ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் இந்தியர்கள் நிறையப் பேர் வசிக்கும் நிஷிகசாய் பகுதியில்தான் என் வீடு. அலுவலக வேலையாக வருபவர்களும், வேறு நாட்டுக்குப் போகும் வழியில் இறங்குபவர்களும் போன் செய்து, "ஒரு நாள்தான் இருக்கு, என்ன பார்க்கலாம்?" என்று கேட்பார்கள். கேட்கும்போதே கையில் ஒரு பட்டியல் இருக்கும். அசகுசா கோயில், ஸ்கைட்ரீ, உவேனோ, அகிஹபாரா, அரண்மனை, ட்சுகிஜி சந்தை, மெய்ஜி கோயில், ஷிபுயா, ஷின்ஜுகு, டோக்கியோ டவர். மொத்தம் 10 இடம். முதல் தவறு அந்தப் பட்டியல்தான்.

மொபைலில் பார்த்தால் எல்லாமே பத்து, இருபது நிமிடத் தூரம்போலத் தெரியும். ஆனால் நாளைத் தின்பது ரயில் ஓடும் நேரம் இல்லை, நிலையங்களுக்குள் நடக்கிற நேரம். ஷின்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேற்பட்ட வாசல்கள். ஒரு டிசம்பர் மாதம் என் சித்தப்பா வந்திருந்தார். டோக்கியோ அரசு அலுவலகக் கட்டடத்தின் 45-வது மாடியில், 202 மீட்டர் உயரத்தில், காசு வாங்காமல் ஊரைப் பார்க்க விடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும். அதற்காக மேற்கு வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. அவர் கிழக்குப் பக்கம் ஏறிவிட்டார். "பெரிய கடை ஒண்ணு இருக்கு, பக்கத்துல எஸ்கலேட்டர் இருக்கு" என்கிறார். அங்கே எல்லா வாசலிலும் அதுதான் இருக்கும். "சித்தப்பா, நகராதீங்க. மஞ்சள் பலகையில என்ன எழுதியிருக்குன்னு மட்டும் படிங்க" என்று சொல்லித் தேடிப் பிடித்து மேலே போனபோது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ஃபுஜி இருக்கும் திசையில் இருட்டுதான் இருந்தது. டிசம்பரில் இங்கே நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும் என்ற நினைப்பில் திட்டம் போடுவது அடுத்த தவறு.

அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: இடங்களைப் பொறுக்காதீர்கள், ஒரு ரயில் பாதையைப் பிடியுங்கள். என் தேர்வு கின்சா பாதை. 1927-ல் அசகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஓடத் தொடங்கிய, ஆசியாவிலேயே பழைய சுரங்க ரயில் பாதை. ஆரஞ்சு நிறம், 19 நிலையங்கள். ஒரு முனையில் அசகுசா, மறுமுனையில் ஷிபுயா, நடுவில் உவேனோவும் கின்சாவும். முழுதாகப் போனாலும் சுமார் முப்பத்தைந்து நிமிடம்தான். பெட்டி மாற வேண்டாம், பாதை குழம்ப வேண்டாம்.

அசகுசாவுக்குப் பதினோரு மணிக்குப் போகிறவர்கள் தலைகளை மட்டும் பார்த்துத் திரும்புகிறார்கள். பேசாமல் காலை 7 மணிக்குப் போங்கள். அங்குள்ள சென்சோஜி கோயிலின் பிரதான மண்டபம் ஆறு மணிக்கே திறந்துவிடும், குளிர்காலத்தில் ஆறரை. சுமிதா ஆற்றில் 628-ல் இரண்டு மீனவச் சகோதரர்களின் வலையில் பௌத்தர்களின் கருணைத் தெய்வமான கன்னோனின் சிலை கிடைத்தது என்பது இந்தக் கோயிலின் கதை. இப்போதுள்ள மண்டபம், 1945 குண்டுவீச்சில் எரிந்ததற்குப் பிறகு 1958-ல் எழுப்பியது. சிவப்பு விளக்கு தொங்கும் வாசலிலிருந்து கோயில்வரை நீளும் கடைத்தெரு அந்த நேரத்தில் மூடித்தான் இருக்கும். மூடியிருப்பதுதான் அழகு, ஏனென்றால் ஷட்டர்களில் வரைந்த ஓவியங்கள் அப்போதுதான் கண்ணில் படும். கோயிலில் 100 யென் போட்டு, உலோகக் குடுவையைக் குலுக்கி, சின்னத் துளை வழியாக வரும் குச்சியில் உள்ள எண்ணைப் பார்த்து, அந்த எண்ணுள்ள இழுப்பறையைத் திறந்தால் பலன் எழுதிய தாள் இருக்கும். கெட்ட பலன் வந்தால் பதற வேண்டாம். அங்கேயே கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம். அதற்குச் சில்லறை வேண்டும். கார்டை மட்டும் நம்பி வருவதும் தவறுதான்.

கடைகள் திறந்த பிறகு எதையாவது வாங்கினால் கடை முன்னாலேயே நின்று சாப்பிடுங்கள். தின்றுகொண்டே நடப்பதை அங்கே விரும்புவதில்லை. குப்பைத் தொட்டியும் கிடைக்காது. 1995-ல் சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்தபின் பொது இடங்களில் பல தொட்டிகளை எடுத்துவிட்டார்கள். பையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

ரயில் பாஸ் விஷயத்தில் வீணாகும் பணம் பெரியது. நாடு முழுக்கச் சுற்றுவதற்கான ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 7 நாளுக்கு 50,000 யென் ஆனது. அதை ஊரிலேயே வாங்கி வந்து சுரங்க ரயில் வாசலில் நீட்டினால் செல்லாது. ஜேஆர் வேறு, டோக்கியோ மெட்ரோ வேறு, டோக்கியோ அரசு நடத்தும் தோயேய் சுரங்க ரயில் வேறு. ஒரு நாளுக்குச் சுய்கா போன்ற தொட்டுப் போகும் கார்டு போதும், மூன்றிலும் செல்லும்.

கிழமையும் பாருங்கள். உவேனோவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துக்கு வழக்கமாகத் திங்கள் விடுமுறை. அரண்மனையின் கிழக்குத் தோட்டம் திங்களும் வெள்ளியும் மூடியிருக்கும். சனி, ஞாயிறு மதியம் கின்சாவின் பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டு நடக்க விடுவார்கள். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

சைவம் சாப்பிடுபவர்கள் ஏமாறுவது குழம்பில்தான். தட்டில் காய் மட்டும்தானே என்று ஊடோன் நூடுல்ஸ் வாங்குவார்கள். அதன் சாறுக்கு அடிப்படையான தாஷி பெரும்பாலும் உலர்ந்த மீனில் எடுத்தது. "மீனும் இறைச்சியும் வேண்டாம், தாஷியும் வேண்டாம்" என்று ஜப்பானிய மொழியில் எழுதி மொபைலில் வைத்துக் காட்டுங்கள். தோசை போடும் தென்னிந்திய உணவகங்களும் இங்கே உண்டு, முதல் நாளே தேடிக் குறித்துக்கொண்டால் பசியோடு அலைய வேண்டாம்.

மெய்ஜி கோயிலைக் கடைசிக்கு வைக்காதீர்கள். சூரிய உதயத்தில் திறந்து அஸ்தமனத்தில் மூடுகிற இடம் அது. இரண்டு மணிவாக்கில் ஓமொதெசாந்தோ நிலையத்தில் இறங்கி, மரங்கள் வரிசையாக நிற்கும் சாலையில் கால் மணி நேரம் நடந்தால் போய்விடலாம். உள்ளே அடர்ந்த காடு. 1920-ல் கோயில் கட்டியபோது நாடெங்கிலுமிருந்து மக்கள் கொடுத்த சுமார் ஒரு லட்சம் மரங்களை நட்டு உண்டாக்கியது. சரளைக்கல்லில் நடக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அங்கே அவசரப்படாமல் இருங்கள்.

அப்புறம் ஷிபுயா. இருட்டிய பிறகுதான் அதற்கு உயிர் வரும், அதனால் கடைசியில் வைத்தது சரி. நிலையத்துக்கு வெளியே உள்ள பெரிய சாலைச் சந்திப்பில் பச்சை விழுந்ததும் கூட்டத்தோடு கடந்துவிடுங்கள், நடுச்சாலையில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். மேலிருந்து பார்க்க வேண்டுமென்றால் ஷிபுயா ஸ்கை என்ற மொட்டைமாடித் தளத்துக்கு முன்பதிவு வேண்டும். அஸ்தமன நேரத்துக்கான டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். நள்ளிரவு வாக்கில் ரயில்கள் நின்றுவிடும், திரும்ப ஓடுவது காலை ஐந்து மணி சுமாருக்குத்தான். தங்கும் இடத்துக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.