வீட்டுப் பலகாரத் தொழில்: லாக்டவுன் விலையைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள்

உரிமம் வாங்குங்கள், காய்ந்த எண்ணெயையே திரும்பக் காய்ச்சாதீர்கள், பாக்கெட்டில் தேதி போடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தெரியாதவர் அடுப்பே பற்றவைக்கக் கூடாது. 2020-இல் கடை ஷட்டரை இறக்கிவிட்டு வாட்ஸ்அப்பில் முறுக்கு விற்கத் தொடங்கிய திருநெல்வேலிக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அன்று நாங்கள் விழுந்த குழியிலேயே இன்று புதிதாக வருகிறவர்களும் வரிசையாக விழுகிறார்கள்.

மருந்து என்று விற்பது

கொரோனா காலத்தில் சுக்கும் மிளகும் எதில் விழுந்தாலும் அதற்குப் பெயர் ‘எதிர்ப்புச் சக்தி’. 2020 ஜூலையில் கோவையில் ஒரு கடை, மூலிகை மைசூர்பா கொரோனாவைக் குணமாக்கும் என்றே விளம்பரம் செய்தது. உணவுப் பாதுகாப்புத் துறை சரக்கைப் பறிமுதல் செய்து உரிமத்தையும் ரத்து செய்தது. அந்த ஆசை இப்போது ‘சர்க்கரை நோயைப் போக்கும் தினை லட்டு’ என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. தினை லட்டு என்று மட்டும் போடுங்கள்; ருசி இருந்தால் விற்கும்.

வீட்டு ஆளுக்குக் கூலி போடாதது

இதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். போன தீபாவளிக்கு முன்னால் ஒரு தம்பி வந்தான். சென்னையில் வேலை போய், லாக்டவுனில் ஊர் திரும்பி, கைமுறுக்கு போட ஆரம்பித்தவன்.

“ஆர்டர் குமியுது அண்ணாச்சி. கையில காசுதான் நிக்க மாட்டேங்கு.”

“கூலி எவ்வளவு போட்டு விலை வச்ச?”

“அம்மாவும் அத்தையும்தான சுத்துறாங்க. அவங்களுக்கு என்ன கூலி?”

லாக்டவுனில் வீடு நிறைய ஆள் இருந்தது. காலேஜ் போகாத பிள்ளைகள், வீட்டிலிருந்தே வேலை பார்த்த மருமகள், வெளியே போக முடியாத அத்தை என்று எல்லோரும் நடுக்கூடத்தில் உட்கார்ந்து சுற்றினார்கள். அன்று வைத்த விலையில் அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ் எல்லாம் இருந்தன. உழைப்பு மட்டும் இல்லை. பிறகு காலேஜ் திறந்தது, மருமகள் ஆபீஸ் போனாள், அத்தைக்கு முழங்கால் வலி வந்தது. ஆள் வைக்க வேண்டிய நிலை. விலையோ வாடிக்கையாளர் மனதில் பதிந்துபோன பழைய விலை.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்குச் சாமானும் கேஸும் 160 ரூபாய், பேக்கிங் 15. விற்பது 280. கையில் 105 ரூபாய் நிற்பது போலத் தெரியும். இரண்டு பெண்கள் ஒரு நாளில் 8 கிலோ சுற்றுகிறார்கள், ஆளுக்கு 500 ரூபாய் கூலி என்றால் கிலோவுக்கு 125. அங்கேயே 20 ரூபாய் நஷ்டம். இதில் கடைக்காரர் 20 சதவீதம் மார்ஜின் கேட்டால் இன்னும் 56 ரூபாய் போகும். ஆர்டர் கூடக் கூட நஷ்டமும் கூடும். தம்பி இதைத்தான் ‘வியாபாரம் பிக்கப் ஆகுது’ என்று சொல்லிக்கொண்டு, இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு வேறு பணம் கட்டியிருந்தான்.

முதல் நாளிலிருந்தே அம்மாவுக்கும் வெளி ஆள் கூலியைப் போட்டு விலை வையுங்கள். நோட்டில் எழுதினால் போதாது, மாதக் கடைசியில் அவர் கையில் கொடுங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் உங்கள் விலை தப்பு. அதை மாற்றக் கூச்சப்படாதீர்கள். பழைய வாடிக்கையாளரிடம் ஒரு மாதம் முன்னமே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் இருப்பார்கள்.

புதுமை என்றதும் எல்லோரும் சாக்லேட் முறுக்குக்குத் தாவுகிறார்கள். புதுமை வேலை நடக்கிற விதத்தில் வர வேண்டும். தேன்குழல், ஓமப்பொடியை மெஷினில் பிழியலாம். சுற்றிச் சுற்றிச் செய்கிற கைமுறுக்குக்கு அந்த வழி இல்லை. அதனால் அதைக் கல்யாணத்துக்கும் தீபாவளிக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு மட்டும் செய்யுங்கள், விலையும் தனியாக இருக்கட்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2020-இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறு உணவுத் தொழில் திட்டத்தில் 35 சதவீத மானியம் என்றதும், தேவைக்கு மேல் பெரிய மெஷினாக வாங்கி, மாவு இல்லாமல் நிறுத்திவைத்து வட்டி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்த ஊர்ப் பெயர்

மணப்பாறை முறுக்குக்கு 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்தது. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இலேயே கிடைத்துவிட்டது. பாளையங்கோட்டையில் சுட்டுவிட்டு மணப்பாறை என்று பாக்கெட் அடிக்காதீர்கள். அம்பாசமுத்திரமோ கல்லிடைக்குறிச்சியோ, உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விற்றுப் பாருங்கள்.

நம்பர் யார் போனில்?

லாக்டவுனில் சேர்த்த வாடிக்கையாளர் பட்டியல் முழுவதும் மச்சான் போனில் இருக்கிறது. மச்சான் துபாய் போய்விட்டான். தொழிலுக்கென்று தனி சிம் வாங்குங்கள்.

கூரியர்

அனுப்புவதற்கு முன்னால், கட்டிய பெட்டி ஒன்றை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டுப் பாருங்கள். முறுக்கு உடைந்தால் அந்தப் பேக்கிங்கில் அனுப்பாதீர்கள்.