தொண்டியிலிருந்து சரஸ்வதி மகாலுக்கு

நம்ம கடற்கரை ஊர்களிலிருந்து பழைய நூலகம் பார்க்கக் கிளம்புபவர்களுக்கு என் முதல் சிபாரிசு தஞ்சாவூர் சரஸ்வதி மகால்தான். தொண்டி பக்கம் இருந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போய் பட்டுக்கோட்டை வழியாகத் திரும்புங்கள், விடியற்காலையில் கிளம்பினால் நல்லது.

நூலகம் அரண்மனை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாயக்கர் காலத்தில் தொடங்கி, 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தேடித்தேடிச் சேர்த்து வளர்த்தது. பயணிகள் பார்க்க முடிவது காட்சிக்கூடம் மட்டும், ஆனால் அதை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். ஓலைச்சுவடியில் எழுத்தாணி கீறிய பொடி எழுத்தைக் குனிந்து பாருங்கள், எனக்கு அங்கேயே நெஞ்சு நிறைந்துவிட்டது. சுவடியை எடுத்துப் படிக்க வேண்டுமென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டு எழுதுங்கள். படம் எடுக்கும் முன்பும் கேளுங்கள்.

அப்புறம் சென்னை போனால் எழும்பூரில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது, அதன் பழைய கட்டடத்தைக் கேட்டுப் பாருங்கள்.