வன்னி மைதானத்தில் 200 மீற்றர் ஓடுபாதை: அளவு பிழைக்காமல் கீறும் முறை

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இலங்கையின் டங்கன் வைற் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது எல்லா நாட்டுக்காரரும் கரித்தூள் தளத்தில்தான் ஓடினார்கள். 1968 மெக்சிக்கோவில் செயற்கைத் தளம் வந்தது. அதன்பிறகு, பயிற்சிக்கே அப்படித் தளம் வைத்திருக்கும் நாடு ஒரு பக்கம், புல்லில் ஓடும் பிள்ளை மறுபக்கம் என்றாகிவிட்டது. வன்னிப் பள்ளிக்கூடத்தால் அந்தத் தளத்தை வாங்க முடியாது. ஆனால் நீளத்தைச் சரியாக வைக்கலாம். நீளம் பிழைத்தால் கோட்டமட்ட நேரத்தைக்கூட இன்னொரு நேரத்தோடு ஒப்பிட முடியாது.

ஆறு தடங்களுக்கு 92.44 × 52.44 மீற்றர் இடம் வேண்டும். சுற்றிவர ஒரு மீற்றராவது விடுங்கள். நீளப்பக்கம் வடக்குத் தெற்காக இருந்தால் பின்னேர வெயில் கண்ணில் அடிக்காது. மாரி முடிந்து நிலம் இறுகியபின், இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னதாகக் கீறுங்கள். பற்றை ஓரமாக முளை அடிக்கும்போது பழைய இரும்பு எதுவும் தென்பட்டால் தொடவே வேண்டாம், வெடிபொருளாக இருக்கலாம். வேலையை நிறுத்திவிட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

தேவையானவை: 50 மீற்றர் இரும்பு அளவுநாடா, கட்டுக்கம்பி, முளைகள், மண்வெட்டி, நீற்றிய சுண்ணாம்புத் தூள். நைலோன் கயிறு வேண்டாம், இழுக்க நீளும். ஆரம் 10 சென்ரிமீற்றர் கூடினால் ஒரு சுற்றில் 63 சென்ரிமீற்றர் கூடிவிடும். கோட்டுக்குக் கழிவு எண்ணெய் ஊற்றும் பழக்கமும் வேண்டாம். புல் கருகும், அடுத்த மாரிக்கு அந்த இடம் அரிக்கும்.

மைதானத்தின் நடுவில், நீளவாக்கில், 40 மீற்றர் இடைவெளியில் 'அ', 'ஆ' என இரண்டு மையங்கள். ஒவ்வொன்றிலும் 12, 16, 20 மீற்றர் முக்கோணம் போட்டுச் செங்கோணம் எடுத்து, இரு பக்கமும் 18.90 மீற்றரில் முளை அடியுங்கள். 'அ'வின் பக்க முளைகளிலிருந்து 'ஆ' மையத்துக்கு 44.24 மீற்றர் வரவேண்டும். மற்றப் பக்கத்திலும் அப்படியே. வராவிட்டால் செங்கோணம் பிழை, அங்கேயே திருத்துங்கள்.

பிறகு மையத்திலிருந்து கம்பியைப் பிடித்து அரைவட்டங்களைக் கீறுங்கள்: 18.90, 20.12, 21.34, 22.56, 23.78, 25.00, 26.22 மீற்றர். கம்பி முனை காட்டுவது கோட்டின் வெளி விளிம்பு. 5 சென்ரிமீற்றர் அகலக் கோடு அதற்கு உட்பக்கமாக வரவேண்டும். நேர்ப்பகுதிக்கும் இதே தூரங்கள்தான். மண்வெட்டி மூலையால் சிறு பள்ளம் கீறி, சுண்ணாம்பை அதற்குள் போட்டால் நாலு நாளாவது நிற்கும். மையங்களில் இரும்புக் குழாய்த் துண்டைச் சீமெந்தில் பதித்து, நிலமட்டத்துக்குக் கீழே புதைத்து வைத்தால் அடுத்த வருடம் பாதி வேலை மிச்சம்.

அதிகம் பிழைப்பது புறப்படும் கோடுகளில். விதிநூலில் இரண்டாம் தடத்துக்கு 7.04 மீற்றர் முன்னே என்று இருக்கும். அது உட்பக்கத்தில் உயர்த்திய விளிம்பு கட்டிய அரங்குக்கான கணக்கு: அங்கே முதல் தடத்தை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளி அளப்பார்கள். விளிம்பு கட்டாத, கோடு மட்டும் போட்ட பாதைக்கு எல்லாத் தடத்திலும் உட்கோட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் தள்ளியே அளக்கவேண்டும் என்பதும் அதே விதிதான். ஒரு சுற்று ஓட்டத்துக்கு இரண்டாம் தடம் முதல் முறையே 7.67, 15.33, 23.00, 30.66, 38.33 மீற்றர் முன்னே. 7.04 போட்டால் இரண்டாம் தடத்துப் பிள்ளை 63 சென்ரிமீற்றர் கூட ஓடும். 30 செக்கனில் ஓடுபவருக்கு அது கிட்டத்தட்ட 0.09 செக்கன். வளைவில் ஒரு மீற்றருக்கு ஒரு முளை வைத்து நாடாவைச் சுற்றி அளவுங்கள்.

இந்த வளைவு இறுக்கமானது. பெரிய பாதையில் அதே பிள்ளை வேகமாகவே ஓடும்.

நேரம் எடுப்பவர் துப்பாக்கிப் புகையையோ வெள்ளை பூசிய தட்டுக்கட்டையையோ பார்த்து நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தவேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால், 100 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு 0.3 செக்கன் போய்விடும். கடிகாரம் 29.91 காட்டினால் 30.0 என்று எழுதுங்கள். கொழும்பு சுகததாச அரங்கின் மின்னணு நேரத்தோடு ஒப்பிட இன்னும் 0.24 கூட்டி, 30.24 என்று கணக்கெடுங்கள்.