மிச்சிகனில் ஏரிக்கரைக் கூடார முகாமைத் தேர்ந்தெடுக்கும் முறை

வட அமெரிக்காவின் ஐந்து பேரேரிகளில் நான்கு மிச்சிகன் மாநிலத்தின் கரையைத் தொடுகின்றன; மாநிலத்தின் உள்ளே 11,000-க்கும் மேற்பட்ட சிறிய ஏரிகள் இருக்கின்றன. டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள டிராய், நோவை, கேன்டன் போன்ற ஊர்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் பள்ளி விடுமுறை தொடங்கியதும் வடக்கே கூடாரம் போடக் கிளம்புகின்றன. எந்த ஏரிக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் படத்தைப் பார்த்தே முடிவு செய்கிறோம். ஆனால் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எல்லா ஏரியும் அழகாகத்தான் இருக்கும். அந்தக் கரையில் இரவு எப்படிக் கழியும் என்பதைத் தண்ணீர், மண், மரம், காற்று, இரைச்சல் ஆகியவையே தீர்மானிக்கின்றன. இவற்றில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தபடியே வரைபடத்தில் படித்துவிடலாம்.

இங்கே பேசப்படுவது ‘ரஸ்டிக்’ வகை முகாம்கள் மட்டுமே. மின்சாரம் கிடையாது, குளியலறை கிடையாது, தண்ணீருக்குப் பெரும்பாலும் அடிபம்பு, கழிப்பறை என்பது தண்ணீர் ஊற்றிக் கழுவும் வசதி இல்லாத, அடியில் தொட்டி வைத்த சிறு அறை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கூடாரம் போடச் சமன்செய்த ஓர் இடம் ஆகியவை கிடைக்கும். இத்தகைய முகாம்களை மாநில இயற்கை வளத்துறை, தேசிய வனங்கள், தேசியக் கரையோரப் பூங்காக்கள் எனப் பல அமைப்புகள் நடத்துகின்றன. விதிகளும் கட்டணங்களும் ஒவ்வொன்றுக்கும் வேறு. மாநிலப் பூங்காக்களிலும் மாநில வன முகாம்களிலும் வண்டியை நிறுத்த ‘ரெக்ரியேஷன் பாஸ்போர்ட்’ என்னும் அனுமதி வேண்டும். மிச்சிகன் வண்டியாக இருந்தால் பதிவைப் புதுப்பிக்கும்போதே அதை வாங்கிக்கொள்வது எளிது. மாநில வன முகாம்களில் பலவற்றில் முன்பதிவு கிடையாது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். முகாமின் பெயருக்கு அருகே ஏரி இருப்பதால் குடிநீரும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. சில சிறிய முகாம்களில் அடிபம்பே இருக்காது, சிலவற்றில் பழுதாகியிருக்கும், குளிர்காலத்தை ஒட்டிய வாரங்களில் நிறுத்தி வைத்திருப்பார்கள். துறையின் இணையப் பக்கத்தில் முகாம்களின் மூடல் அறிவிப்புகள் இருக்கும்; புறப்படுவதற்கு முந்தைய நாள் அவற்றைப் பார்ப்பது நல்லது. அடிபம்பு நீரில் பல இடங்களில் இரும்புச் சுவை தூக்கலாக இருக்கும். நீண்ட நேரம் நின்றிருந்த பம்பில் முதலில் வரும் நீர் செந்நிறமாகவும் இருக்கும். சமைக்கவும் குடிக்கவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் என்று கணக்கிட்டு, முதல் நாளுக்கான தண்ணீரையாவது வீட்டிலிருந்தே கொண்டுபோவது என் பரிந்துரை.

அடுத்தது இரைச்சல். மிச்சிகனின் வடக்குக் காடுகளில் நான்கு சக்கர மணல் வண்டிகளுக்கென்றே நெடிய பாதைகள் உள்ளன. மாநில வன முகாம்களில் சில அந்தப் பாதைகளின் மேலேயே அமைந்தவை. அவற்றைத் தேடி வருபவர்களுக்கு அது வசதி. அமைதியைத் தேடி வருபவர்களுக்கு நாள் முழுவதும் எஞ்சின் சத்தமும் புழுதியும்தான் மிச்சம். ஆகவே முகாமின் விவரத்தில் அந்த வண்டிகளைக் குறிக்கும் ‘ஓஆர்வி’ (ORV) என்ற சொல் எந்த வடிவத்தில் வந்தாலும் நின்று வரைபடத்தைப் பாருங்கள். ஏரியில் படகு இறக்கும் சரிவு எத்தகையது என்பதும் ஒரு தடயம்: டிரெய்லரோடு பெரிய படகை இறக்கும் கான்கிரீட் சரிவு இருந்தால் விசைப்படகுகள் வரும், கையால் தூக்கி வைக்கும் தோணிகளுக்கான இடம் மட்டும் இருந்தால் லூன் பறவையின் நீண்ட கூவலைக் கேட்க வாய்ப்பு உண்டு. விசைப்படகுக்கு முழுத் தடை உள்ள சிறிய ஏரிகளும் இருக்கின்றன. என் தேர்வு எப்போதும் அவைதான்.

இனி மண்ணும் மரமும். இதில் கொஞ்சம் பொறுமையாக நின்றுவிட விரும்புகிறேன், ஏனெனில் ஒரு முகாமைப் பற்றி மரங்கள் சொல்வதைப் போல வேறெதுவும் சொல்வதில்லை. மரத்தின் பெயர் முகாம் விவரங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் செயற்கைக்கோள் படத்தில் ஓரளவு தெரியும். ஜாக் பைன் மரங்கள் நிற்கும் இடம் என்றால் அடியில் வறண்ட மணல் என்று பொருள். மழை பெய்தாலும் சீக்கிரம் உள்ளிறங்கிவிடும், கூடாரத்தின் அடியில் நீர் தேங்காது. ஆனால் நிழல் குறைவு, பகலில் சூடு அதிகம், வசந்த காலத்தில் காட்டுத்தீ அபாயமும் கூடுதல். மணலில் சாதாரண முளைகள் பிடிக்காது என்பதால் நீளமான, அகன்ற முளைகள் தேவைப்படும். சிவப்புப் பைன்கள் வரிசை வரிசையாக நின்றால் அது நட்டு வளர்த்த காடு. ஊசியிலை மெத்தை போட்டதுபோல் தரை மென்மையாகவும் சமமாகவும் இருக்கும், புதர் குறைவு, கொசுவும் ஒப்பீட்டளவில் குறைவு. மேப்பிளும் பீச்சும் கலந்த இலையுதிர் காடு கோடையில் நல்ல நிழல் தரும். அக்டோபர் தொடக்கத்தில் அதன் நிறங்களுக்காகவே போகலாம். வெள்ளைச் சிடார், டாமரக் மரங்கள் அடர்ந்திருந்தால் தரை சதுப்பு. ஜூன் மாதத்தில் அங்கே கூடாரம் போடுவது கொசுவுக்கு விருந்து வைப்பதுதான்.

மரத்தின் உடல்நலமும் கவனத்துக்குரியது. 2002-இல் டெட்ராய்ட் பகுதியில் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. பீச் மரங்களை வேறொரு பட்டை நோய் தாக்கி வருகிறது. 2025 மார்ச் இறுதியில் பெய்த உறைபனி மழை வடக்குப் பகுதியில் எண்ணற்ற கிளைகளை முறித்துப்போட்டது. பட்டுப்போன மரமும், முறிந்து பாதியில் தொங்கும் கிளையும் காற்றில்லாத இரவில்கூட விழக்கூடியவை. எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் மேலே அப்படியொன்று தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை. அந்த வண்டு பரவியதற்கு விறகைக் கொண்டுபோனதும் ஒரு காரணம் என்பதால், வீட்டிலிருந்து விறகு எடுத்துச் செல்லாமல் முகாமுக்கு அருகேயுள்ள கடையிலேயே வாங்கி அங்கேயே எரித்துவிட வேண்டும்.

காற்று இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுகிறது. ஏரியின் கிழக்குக் கரையில் உள்ள முகாமுக்கு நீர்ப்பரப்பைத் தாண்டி வரும் காற்று கொசுவை விரட்டும். மாலைச் சூரியன் நீரில் இறங்குவதையும் அங்கிருந்து பார்க்கலாம். அதே கரையில் இடிமழை வந்தால் கூடாரம் முழு வேகத்தையும் தாங்க வேண்டியிருக்கும் என்பதால், கரையிலிருந்து சற்று உள்ளே, மரவரிசைக்குப் பின்னால் இருக்கும் இடமே சிறந்தது. சுப்பீரியர் ஏரியின் தென்கரையில் நிலைமை வேறு: கோடையில் தெற்கிலிருந்து காற்று வீசும் நாட்களில் கணுக்காலைக் கடிக்கும் ஒருவகை ஈக்கள் கடற்கரை போன்ற அந்த மணற்பரப்பில் திரண்டுவிடும். அப்படிப்பட்ட நாளில் கரையில் உட்காரும் திட்டத்தைக் கைவிட்டு, காட்டுக்குள் நடப்பதே நல்லது.

நீருக்கு மிக அருகில் கூடாரம் போட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தாழ்ந்த இடத்தில் தேங்கும், கூடாரத் துணி விடிவதற்குள் நனைந்துவிடும். மணற்பாங்கான உள்நிலப் பள்ளங்களில் வெப்பம் வேகமாக வெளியேறுவதால் குளிர் இன்னும் கடுமையாக இருக்கும். மிச்சிகனின் மிகக் குறைந்த வெப்பநிலையான −46 டிகிரி செல்சியஸ், 1934 பிப்ரவரி 9 அன்று பதிவானது வடக்கின் உறைந்த சுப்பீரியர் கரையில் அல்ல. மாநிலத்தின் தென்பகுதியான கீழ்த் தீபகற்பத்தின் உள்நாட்டு ஊரான வாண்டர்பில்ட்டில். அந்தப் பகுதியில் ஜூன் மாத இரவுகூட உறைநிலையை நெருங்குவது உண்டு. நீரோரத்தைவிட இரண்டு மூன்று மீட்டர் உயரமான மேட்டைத் தேர்ந்தெடுத்து, உறைநிலை வரை தாங்கும் தூக்கப்பையைக் கொண்டுபோவது நம் போன்ற வெப்பநாட்டு உடல்களுக்கு அவசியம்; குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் கூடுதலாக ஒரு கம்பளியும் வேண்டும்.

குழந்தைகள் நீரில் இறங்குவார்கள் என்றால் ஏரியின் தன்மையையும் அறிந்திருக்க வேண்டும். சுப்பீரியர் ஏரி ஆகஸ்டிலும் உடலை விறைக்க வைக்கும்; மிச்சிகன் ஏரியில் அலை எழும் நாட்களில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டங்கள் உருவாகின்றன. உள்நாட்டு ஏரிகளில் அந்த அபாயங்கள் இல்லை, ஆனால் நத்தையிலும் நீர்ப்பறவையிலும் வாழும் ஓர் ஒட்டுண்ணியின் இளம்புழுக்கள் தோலில் துளைத்து அரிப்பை உண்டாக்குவது அங்கே வழக்கம். வெதுவெதுப்பான ஆழமற்ற ஓரத்தில், கரையை நோக்கிக் காற்று வீசும்போது இது அதிகம். வாத்துகளுக்குத் தீனி போடாமல் இருப்பதும், வெளியே வந்தவுடன் துண்டால் அழுத்தித் துடைப்பதும் பெருமளவு உதவும்.

நடைபாதையைப் பொறுத்தவரை ஒரே ஓர் அளவுகோல் போதும்: பாதை முகாமிலிருந்தே தொடங்க வேண்டும். காலையில் எல்லோரையும் வண்டியில் ஏற்றி வேறிடத்துக்குப் போக வேண்டியிருந்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும். முகாமிலிருந்தே தொடங்கினால் நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம், முடியாதவர்கள் நிழலில் இருக்கலாம். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு வாண்டர்பில்ட்டுக்கு அருகேயுள்ள பிஜன் ரிவர் கன்ட்ரி மாநில வனம். அங்குள்ள பிஜன் பிரிட்ஜ் முகாமிலிருந்து ஷிங்கிள் மில் பாதை தொடங்குகிறது. ஒரு மைலுக்கும் குறைவான சுற்றிலிருந்து பத்து மைலைத் தாண்டும் சுற்று வரை அதில் பல அளவுகள் உண்டு. 1918-இல் மேற்கு மாநிலங்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட எல்க் மான்களின் வழித்தோன்றல்கள் இந்தக் காட்டில் வாழ்கின்றன. செப்டம்பர் அந்தியில் ஆண் மான்களின் கூவலைக் கேட்பதற்கென்றே இங்கே வரலாம்.

முதல்முறையாகப் போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ் தேசியக் கரையோரத்தின் டி.எச். டே முகாம். மின்சாரமும் குளியலறையும் இல்லாவிட்டாலும் குடிநீர் உண்டு, மிச்சிகன் ஏரிக்கு நடந்தே போகலாம், கிளென் ஆர்பர் ஊர் பக்கத்தில் இருப்பதால் மறந்த பொருளை வாங்கிவிடலாம். ஒருமுறை பழகியவர்கள், கீழ்த் தீபகற்பத்தை வடக்கிலுள்ள மேல்தீபகற்பத்தோடு இணைக்கும் மெக்கினாக் பாலத்தைத் தாண்டி மியூனிசிங்குக்குக் கிழக்கே விரியும் பிக்சர்டு ராக்ஸ் கரையோரத்துக்குப் போகலாம். அங்கே ஹரிக்கேன் ரிவர் முகாமிலிருந்து ஒன்றரை மைல் நடந்தால் 1874-இல் ஒளியேற்றப்பட்ட ஓ சாபிள் கலங்கரை விளக்கம் வரும்; வழியில் உடைந்த கப்பல்களின் மரச்சட்டங்கள் மணலில் கிடக்கின்றன. லிட்டில் பீவர் ஏரி முகாமில் இருப்பது 8 இடங்கள்தாம் என்பதால் முன்பதிவு தொடங்கும் நாளையே குறித்துவைக்க வேண்டும். தோணி ஓட்டத் தெரிந்து, எல்லாவற்றையும் சுமக்கவும் தயாராக இருப்பவர்களுக்கு ஒட்டாவா தேசிய வனத்தின் சில்வேனியா காட்டகம் இருக்கிறது. 30-க்கும் மேற்பட்ட ஏரிகள், பழமையான மரங்கள், நடந்தோ துடுப்பு வலித்தோ மட்டுமே அடையக்கூடிய முகாம்கள்.

மாதத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மே நடுவிலிருந்து ஜூன் வரை கடிக்கும் கறுப்பு ஈக்கள், ஜூனிலும் ஜூலையிலும் கொசுக்கள், வசந்தம் முதல் இலையுதிர்காலம் வரை உண்ணிகள். ஆகஸ்டின் பின்பகுதியும் செப்டம்பரும்தான் பூச்சி குறைந்து, உள்நாட்டு ஏரிநீரும் இன்னும் குளிராமல் இருக்கும் காலம். நடந்து திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடியோரம் ஆகிய இடங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் உள்ள இந்த மாநிலத்தில், பல் துலக்குவதைப் போல வழக்கமாகிவிட வேண்டும். நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கியால் மான் வேட்டையாடும் காலம். அப்போது காட்டுக்குள் போவதென்றால் ஆரஞ்சு நிற மேலாடை கட்டாயம் வேண்டும்.

மேல்தீபகற்பத்திலும் கீழ்த்தீபகற்பத்தின் வடபகுதியிலும் கருங்கரடிகள் உண்டு. அவை மனிதர்களைத் தேடி வருவதில்லை, வாசனையைத் தேடி வருகின்றன. நம் சமையலில் தாளிப்பும் வறுவலும் மசாலாவும் வெகுதூரம் மணப்பவை. ஆகவே கூடாரத்திலிருந்து தள்ளி, காற்று போகும் திசையில் சமைத்து, உணவு, எண்ணெய், பற்பசை, சமைத்த பாத்திரம் எல்லாவற்றையும் இரவில் பூட்டிய காருக்குள் வைக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு முறுக்குப் பொட்டலம்கூட இருக்கக் கூடாது. பாத்திரத்தை ஏரியில் கழுவக் கூடாது. ‘மக்கும் சோப்பு’ என்று போட்டிருந்தாலும் நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளிக் கழுவுவதே முறை.

முன்பதிவில்லாத முகாமுக்கு வியாழக்கிழமை முற்பகலிலேயே போய்ச் சேர முயலுங்கள். சேர்ந்தவுடன் வண்டியிலிருந்து எதையும் இறக்காமல் முகாம் முழுவதையும் ஒருமுறை நடந்து சுற்றுங்கள். கழிப்பறைப் பக்கத்துக் காற்று வந்து படாத, ஆனால் பெரியவர்கள் இரவில் கைவிளக்கோடு நடந்துபோகக்கூடிய தொலைவில் உள்ள இடமா, தரையில் மழைநீர் ஓடிய தடம் தெரிகிறதா, அண்ணாந்து பார்த்தால் பட்ட கிளை உண்டா என்று பார்த்துத் தீர்மானித்த பிறகு, நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும் முறைப்படி கட்டணத்தைச் செலுத்துங்கள். பல இடங்களில் உறையில் பணத்தைப் போட்டு இரும்புப் பெட்டியில் இட வேண்டியிருக்கும் என்பதால் சில்லறை டாலர் நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். எல்லா இடமும் நிறைந்திருந்தால் இருட்டில் வேறு ஊர் தேடி அலைய வேண்டியதில்லை. தடையில்லாத மாநில வன நிலத்தில், முகாம்களிலிருந்து ஒரு மைலுக்கு அப்பால், மாநில இயற்கை வளத்துறையின் பதிவு அட்டையை நிரப்பிக் கண்ணில்படும்படி மாட்டிவிட்டுக் கட்டணமின்றிக் கூடாரம் போட அனுமதி உண்டு. அந்த அட்டையை வீட்டிலேயே அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். வடக்கே பல முகாம்களில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது.