கையடக்க விளையாட்டுக் கருவியைக் கொண்டு அரபு வட்டார வழக்குகளைப் பழகும் முறை

விளையாட்டுத் திரையில் எழுதியிருக்கும் அரபும், அதே விளையாட்டை ஆடுகிறவர் வாயிலிருந்து வரும் அரபும் ஒன்றல்ல. திரையில் வருவது பெரும்பாலும் ஃபுஸ்ஹா எனப்படும் எழுத்து வழக்கு. வீட்டிலும் தெருவிலும் புழங்குவது ஆம்மிய்யா எனப்படும் பேச்சு வழக்கு, அதுவும் ஊருக்கு ஊர் வேறு. செய்தி வாசிக்கும் தமிழையும் காசிமேட்டில் கேட்கும் தமிழையும் தினமும் காதில் வாங்குகிற சென்னைக்காரருக்கு இந்த இரட்டை நிலையை விளக்க வேண்டியதில்லை. ஆகவே கருவியை எழுத்து படிக்கப் பழகவும், ஆடிக்கொண்டே பேசிப் பதிவிடும் அரபு இளைஞர்களின் காணொளிகளைப் பேச்சுக்கும் எனப் பிரித்துக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரிச்சி தெருவில் பழைய கருவி வாங்குவதானால், நின்டெண்டோவின் 3டிஎஸ் போன்றவற்றுக்கு வட்டாரப் பூட்டு (ஒரு வட்டாரத்தில் விற்ற விளையாட்டு வேறு வட்டாரக் கருவியில் ஓடாத தடை) உண்டு, அதே நிறுவனத்தின் ஸ்விட்சுக்கு இல்லை என்பதை அறிந்து வாங்குங்கள். துபாயிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஸ்விட்ச் அட்டை இங்கேயும் ஓடும். கட்டுப்பாட்டுக் குச்சியைத் தொடாமல் வைத்துவிட்டு, அமைப்புகளுக்குள் இருக்கும் சரிபார்ப்புத் திரையில் புள்ளி தானாக நகர்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கி, வீடு வந்த பிறகுதான் என் வீரன் இடப்பக்கமாகவே நடந்துகொண்டிருப்பதைக் கண்டேன்.

ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி வைத்திருப்பவர்கள், ஸ்டீம் இணையக் கடையில் ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்திலும் உள்ள மொழிப் பட்டியலில் இடைமுகம், முழு ஒலி, சப்டைட்டில் என்ற மூன்று பத்திகளில் அரபுக்கு எதிரே எங்கெங்கு குறி இருக்கிறது என்று பார்த்தபின் வாங்கலாம். குறி இருந்தாலும் முதல் திரையை உற்றுப் பாருங்கள். அரபு எழுத்துகள் சொல்லுக்குள் தம் இடத்துக்கேற்ப உருமாறி, வலமிருந்து இடமாக ஒன்றோடொன்று கைகோக்க வேண்டும். தனித்தனியாக விலகி நின்றால், பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் பிரிந்து நின்ற நம் 'கொ'வைப் போன்ற பிழை அது. அத்தகைய விளையாட்டில் படிக்கப் பழகுவது வீண்.

இனிப் பேச்சு வழக்குக்கு வருவோம். ஒரு காணொளி எந்த ஊர் அரபில் இருக்கிறது என்பதை அதைத் திறக்கும் முன்பே ஓரளவு ஊகித்துவிடலாம், அதற்குக் 'கேமர்' என்ற ஒரே சொல் போதும். ஃபுஸ்ஹாவில் இந்தச் சொல்லின் முதல் ஒலியான ஆங்கில g-க்கு எழுத்தே கிடையாது. கெய்ரோவில் ஜீம் என்ற எழுத்தையே அப்படித்தான் ஒலிப்பார்கள் என்பதால் எகிப்தியர் ஜீம் போட்டு எழுதுவர். சவூதியர் பேச்சில் தொண்டையடியில் பிறக்கும் காஃப் அந்த ஒலியைப் பெறுவதால் அவர்கள் காஃப் போடுவர். சிரியாவிலும் லெபனானிலும் கைன் என்ற எழுத்து வரும். கூகுளின் பெயருக்கும் இதே கதைதான். ஆகவே கைபேசியில் அரபு விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டு மூன்று விதமாகவும் தட்டித் தேடிப் பாருங்கள், மூன்று ஊர்ப் பேச்சு வந்து நிற்கும். இது முதல் துப்பு மட்டுமே. எழுத்தைக் கலந்து எழுதுகிறவர்களும் உண்டு.

உறுதிப்படுத்த, 'இப்போது' என்பதற்கு என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுங்கள். எகிப்தில் தில்வ2தி, சிரியாவிலும் லெபனானிலும் ஹல்ல2, வளைகுடாவில் அல்7ஈன், மொராக்கோவில் தாபா. இந்தத் தாபாவுக்கும் 'ஒரு தபா சொன்னா புரியாதா' என்கிற மெட்ராஸ் தபாவுக்கும் உறவில்லை. நம்முடையது 'தஃப்அ' என்ற வேறொரு அரபுச் சொல் உருது வழியாக வந்தது.

மேலே சொற்களுக்கு நடுவில் எண்கள் நிற்பது அச்சுப்பிழையன்று. அரபு எழுத்து வராத கைபேசிகளில் உரையாடிய இளைஞர்கள் ஆங்கில எழுத்தோடு எண்களைக் கலந்து எழுதிய 'அரபீஸி' இன்றும் விளையாட்டு உரையாடல்களில் ஓடுகிறது: குரல்வளையைச் சட்டென்று அடைக்கும் ஹம்ஸாவுக்கு 2, அய்னுக்கு அதன் கண்ணாடிப் பிம்பமான 3, காரலோடு வரும் கா ஒலிக்கு 5, அழுத்தமான ஹாவுக்கு 7. தமிழ் எழுத்தில் மட்டும் குறித்தால் இந்த வேறுபாடுகள் எல்லாம் கரைந்துபோகும் என்பதால், என் குறிப்பேட்டில் தமிழோடு இந்த எண்களையே கலந்து எழுதுகிறேன். நம் நீதிமன்றத்து 'ஆஜர்' அதில் '7ஆதிர்' என்று இருக்கிறது. எகிப்தில் ஒரு வேலை சொன்னால் 'சரி, இதோ' என்ற பொருளில் வரும் அன்றாட விடை அது.

கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் இதற்கு நேரம் தாராளம். பூங்கா நிலையம் வரை ஏற்கெனவே தரவிறக்கிய காணொளியில் இரண்டு நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு ஐந்து சொற்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே விளையாட்டை ஒலியை அணைத்து நீங்களே ஆடியபடி, காணொளிக்காரர் பதறிய இடத்தில் நீங்களும் அதே சொல்லால் வாய்க்குள் பதறிப் பாருங்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

குவைத் வழக்கைப் பழகுகிறவர்கள் 'மஸ்ஜித்' அங்கே 'மஸ்யித்' ஆவதைக் கேட்டுத் திகைக்க வேண்டாம். வாழைப்பழத்தை வாயப்பயம் ஆக்கிய ஊர்க்காரர்கள் நாம். வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய அண்ணன்மார் திருவல்லிக்கேணியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார். அவரிடம் சொற்பொருள் கேளுங்கள், வினைமுற்றை மட்டும் கேட்காதீர்கள். வேலைத்தளங்களில் பல நாட்டார் கூடி உருவாக்கிய அரபில் எல்லா மறுப்புக்கும் 'மாஃபீ' ஒன்றே போதும், வினையும் ஆளுக்கேற்ப மாறாது. அதைக் குவைத்துப் பையனிடம் ஆட்டத்தின் நடுவே பேசினால் புரிந்துகொள்வான், ஆனால் உங்களை எந்த முகாமில் வேலை என்று கேட்பான். அண்ணனைப் பார்த்ததும் 'ஷ்லோனக்' என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள். நேர்ப்பொருளில் 'உன் நிறம் என்ன' என்று கேட்கும் இந்த நலவிசாரிப்புக்கு அவர் 'ஸேன்' என்று விடை சொன்ன பிறகு, குறிப்பேட்டைத் திறந்து அன்றைய ஐந்து சொற்களை ஒவ்வொன்றாக அவர் காதில் போடலாம்.