கட்டிலடியில் கேட்ட காரணம்: தற்கொலைத் தடுப்பு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டக்களப்பில் புதிதாக ஆய்வுக்கு வந்த பிள்ளைகள் நாலைந்து பேருக்கு, தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலை வாட்டில் கிடப்போரிடம் தரவு எடுக்கப் பழக்கப் போனேன். கெட்டிக்காரர்கள். சம்மதப் படிவம், இரகசியம், பெயருக்குப் பதில் இலக்கம் என்று நான் சொல்ல நினைத்ததை எல்லாம் அவர்களே ஒப்புவித்தார்கள். ஆகவே அவற்றை இங்கே விடுகிறேன். ஆனால் மத்தியானத்துக்குள் அவர்கள் விட்ட பிழைகளைப் பார்த்தால், பதினைந்து வருடத்துக்கு முந்திய நான்தான் அந்த வாட்டில் நடந்து திரிகிறேனோ என்று இருந்தது.

வைத்தியசாலை அனுமதி ஒவ்வொன்றையும் ஓர் ஆளாக எண்ணுவது

வாழைச்சேனையிலோ களுவாஞ்சிகுடியிலோ அனுமதித்த ஒருவரை இரவோடிரவாக மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். இரண்டு பதிவேட்டிலும் அவர் இருப்பார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தால் மூன்றாவது வரி. மறுபடி வந்தவரைப் புது ஆளாகப் பதிவதுதான் பெரிய நட்டம். ஒருமுறை தன்னை வருத்திக்கொண்டவருக்குப் பிற்காலத்தில் தற்கொலை ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். யாரைத் தேடிப் போக வேண்டுமோ அவரையே பட்டியலில் தொலைத்துவிடுகிறோம்.

எல்லை

கல்முனை இருப்பது அம்பாறை மாவட்டத்தில். சுகாதார நிருவாகத்திலோ கல்முனைப் பிராந்தியம் வேறு, அம்பாறைப் பிராந்தியம் வேறு. கல்முனையின் எண்ணிக்கையை முழு மாவட்டச் சனத்தொகையால் வகுத்த அட்டவணை ஒன்றைக் கண்டேன். வீதம் வெகு அழகாகக் குறைந்திருந்தது.

கட்டிலடியில் கேட்ட காரணம்

இதைச் சொல்லும்போது இப்போதும் எரிச்சல் வரும், முதலில் என்மேல்.

படுவான்கரைப் பக்கத்துப் பெண் ஒருவர். முப்பது வயதிருக்கும். அனுமதித்த மறுநாள் போய் நின்றேன். கணவர் சாப்பாட்டுக் கரியருடன் கால்மாட்டில், மாமியார் தலைமாட்டில். "என்னக்கா நடந்தது?" என்று கேட்டேன். "சண்டைதான் தம்பி, சும்மா கோபத்தில" என்றார். பொலிஸ் பதிவிலும் குடும்பத் தகராறு என்றே இருந்தது. இரண்டும் பொருந்திவிட்டது என்று எனக்கு ஒரே புளுகம். இப்படியே ஒவ்வொரு கட்டிலாகப் போய், கடைசியில் "முதன்மைக் காரணம்: குடும்பத் தகராறு" என்று வட்ட வரைபடம் போட்டுக் கொடுத்தேன். அதை நம்பி ஒரு நிறுவனம் வருடம் முழுக்கத் தம்பதியருக்கு வகுப்பு வைத்தது, விட்டுக்கொடுத்து வாழ்வது எப்படி என்று. வந்து குந்தியிருந்தது பெண்கள் மட்டும்.

பிறகொரு நாள் வேறு வேலையாக அந்த ஊர் மருத்துவமாதுவுடன் போனபோது அதே அக்காவைக் கண்டேன். வேலியடியில் நின்றுதான் கதைத்தோம். மூன்று இடத்தில் குழுக்கடன், ஒன்றை அடைக்க இன்னொன்று. பெரும்போகம் வெள்ளத்தோடு போயிருந்தது. கிழமைக் கட்டுக்காசு இல்லை. ஒருத்தி கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்களும் அந்த முற்றத்தை விட்டு எழும்ப முடியாது. அத்தனை பேர் முகத்துக்கு முன்னால் குனிந்துகொண்டு இருந்திருக்கிறார். இரண்டாவது கடன் கணவருக்குத் தெரியாது. தெரிய வந்த அன்றுதான் சண்டை.

"அப்ப ஏனக்கா அண்டைக்குச் சொல்லல்ல?"

"அவர் பக்கத்தில நிக்கக்குள்ள நான் என்னத்தச் சொல்ற, தம்பி?"

சண்டை நடந்தது உண்மை. ஆனால் அது கடைசி அரை மணித்தியாலத்தின் கதை. அதற்கு முந்திய ஒன்றரை வருடம் என் படிவத்தில் ஏறவில்லை, ஏனென்றால் காரணத்துக்கு ஒரே ஒரு கோடு விட்டிருந்தேன். பொலிஸ் பதிவும் அப்படித்தான். அது விசாரணையை முடிக்க எழுதுவது, ஆய்வுக்கு எழுதுவதல்ல. இலங்கையில் தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமில்லை. அப்படியிருந்தும் வழக்கு வருமோ என்ற பயத்தில், வாயில் வந்த சின்னக் காரணத்தைச் சொல்லிக் கதையை முடிப்பவர்கள் இன்றும் உண்டு.

இப்போது முதல் நாளில் காரணமே கேட்பதில்லை. உறவினரைத் தேத்தண்ணிக்கு அனுப்ப ஒரு தாதியின் உதவி வேண்டும். அதை முன்கூட்டியே பேசிவைப்பேன். "ஏன்" என்ற சொல்லை எடுக்காமல், "அதுக்கு முந்தின கிழமை எப்பிடிப் போனது?" என்று தொடங்குவேன். படிவத்தில் அன்று, அந்த மாதம், அந்த வருடம் என்று மூன்று இடம். சம்மதித்தால் வீடு போன பிறகு இன்னொரு தரம்.

இவ்வளவையும் காலையில் சொல்லிக்கொடுத்தேன். பதினொரு மணிக்கு ஒரு தம்பி, தாய் பக்கத்தில் நிற்க, நாலு நிமிடத்தில் "காதல் தோல்வி" என்று புள்ளடி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். பேனாவைப் பறித்துவிட்டேன்.

மரணத்தை மட்டும் பார்ப்பது

1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47; உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பிறகு மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக் குறைந்தது. மிகக் கொடிய பூச்சிநாசினிகளை 1995 இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் படிப்படியாகத் தடை செய்தது அதற்குப் பெரிய காரணம். வேளாண்மை படுத்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள்; விளைச்சல் விழவில்லை. ஆனால் வாட்டுக்கு வருவோர் தொகை அந்த வேகத்தில் குறையவே இல்லை. இறப்போரில் பெரும்பாலானோர் ஆண்கள், வாட்டில் கிடப்போரில் இளம் பெண்கள் நிறையப் பேர். மரணப் பதிவை வைத்தே திட்டம் போட்டால் அந்தப் பெண்கள் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

நல்ல யோசனை, ஆகவே பலிக்கும்

பூச்சிநாசினியைப் பூட்டி வைக்க வீட்டுக்கொரு பெட்டி கொடுக்கலாம் என்று இன்னும் யாராவது கூட்டத்தில் எழும்பிச் சொல்வார்கள். அனுராதபுரப் பக்கம் 180 கிராமங்களில், 50,000 இற்கு மேற்பட்ட வீடுகளில் சோதித்துப் பார்த்தாயிற்று. 2017 இல் முடிவு வந்தது: பூச்சிநாசினியால் வரும் தற்கொலை முயற்சியைப் பெட்டி குறைத்ததற்குச் சான்றில்லை. பெட்டி வாங்குமுன் அதை வாசியுங்கள்.

இரண்டு நாலானால் "இரட்டிப்பு" என்று எழுதுவது

ஒரு பிரதேச செயலகப் பிரிவின் ஒரு வருடக் கணக்கு மிகச் சிறியது; அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

தற்கொலை முறையை விபரிப்பது

வேண்டாம். அறிக்கை பத்திரிகைக்குப் போகும்; நொந்துபோயிருக்கும் ஒருவர் கண்ணிலும் படும்.

கேட்கப் பயப்படுவது

"சாகவேணும் எண்டு யோசிச்சீங்களா?" என்று நேரே கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பயப்பட வேண்டியது, "இப்பவும் இருக்கு" என்று பதில் வரும்போது என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதற்குத்தான். அந்தப் பதில் வந்தால் படிவத்தை மூடுங்கள். ஆளைத் தனியே விடாமல் வாட்டு வைத்தியருக்கும் மனநலப் பிரிவுக்கும் சொல்லியனுப்புங்கள். வீட்டில் சந்தித்தவர் என்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்தைக் கொடுத்து, அவர் விரும்பினால் கூடவே இருந்து எடுத்துக் கொடுங்கள். மிச்சக் கேள்விகளுக்கு வெற்றிடம் விட்டால் போதும்.