பௌஹவுஸ் ஆர்க்கைவ்ல தேடறது எப்படி? வீட்ல இருந்தே ஆரம்பிக்கறவங்களுக்கு ஒரு வழி

பௌஹவுஸ்ங்கற ஜெர்மன் ஆர்ட், டிசைன் ஸ்கூல் பத்தி தீசிஸ் எழுதறவங்களும் சரி, சும்மா ஒரு டிசைனர் மேல கிறுக்கு புடிச்சு தேடறவங்களும் சரி, முதல்ல பண்றது ஒண்ணுதான். பெர்லின்ல இருக்கற பௌஹவுஸ்-ஆர்க்கிவ் சைட்டுக்கு போய் ஆளோட பேரை போடுவாங்க, நாலு ஃபோட்டோ வரும், சரி இவ்வளவுதான் போலன்னு விட்டுடுவாங்க. ஆனா இது ஒரே எடத்துல இருக்கற சரக்கே இல்ல. அந்த ஸ்கூல் மொத்தமே 14 வருஷம்தான் ஓடுச்சு, 1919ல வைமார்ல ஆர்க்கிடெக்ட் வால்ட்டர் குரோப்பியஸ் ஆரம்பிச்சாரு, 1925ல டெஸ்ஸாவுக்கு மாத்தினாங்க, 1932ல பெர்லின், 1933ல நாஜிங்க கொடுத்த நெருக்கடில இழுத்து மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ஆளுக்கொரு நாடா போனாங்க, லெட்டர், நோட்ஸ், டிராயிங்னு அவங்கவங்க பேப்பரும் அவங்கவங்க கூடவே போயிடுச்சு.

அதனால ஸ்கூல் பேர்ல தேடறத விட்டுட்டு ஆள் பேர்ல தேடுங்க, அதுவும் அந்த ஆள் கடைசியா எங்க வாழ்ந்தாரு, செத்த பிறகு பெட்டியெல்லாம் யார் கைக்கு போச்சுன்னு பாருங்க. பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும்.

உதாரணத்துக்கு அங்க பாடம் எடுத்த ஓவியர் பவுல் கிளே. 1933ல ஜெர்மனிய விட்டு பெர்ன் நகரத்துக்கே திரும்பிட்டாரு, அதனால அவர் சரக்கு அங்க இருக்கற ஸென்ட்ரும் பவுல் கிளேல இருக்கு, பௌஹவுஸ்ல கிளாஸ் எடுக்கறதுக்காக எழுதி வச்ச நோட்ஸ் கிட்டத்தட்ட 3900 பக்கம், அத்தனையும் ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல ஃப்ரீயா போட்டிருக்காங்க, கையெழுத்து பக்கத்தோட அதை டைப் பண்ணின வடிவமும் சேர்த்தே பாக்கலாம், ஆரம்பிக்கறவங்களுக்கு இதைவிட நல்ல எடம் கிடையாது. இன்னொரு ஓவியர் காண்டின்ஸ்கி பாரிஸ் பக்கம் போய் 1944ல அங்கயே இறந்தாரு, மனைவி நீனா எழுதி வச்சபடி அவரோட பேப்பர் பாம்பிடு சென்டர்ல இருக்கற காண்டின்ஸ்கி லைப்ரரிக்கு வந்துச்சு. யோசஃப் ஆல்பர்ஸும் ஆனி ஆல்பர்ஸும் 1933லயே அமெரிக்காவுல பிளாக் மவுண்டன் காலேஜுக்கு போயிட்டாங்க, அவங்க ஃபவுண்டேஷன் கனெக்டிகட்ல பெதனிங்கற ஊர்ல இருக்கு, ஆனா அந்த காலேஜோட ரெக்கார்ட்ஸ் வேணும்னா நார்த் கரோலினா ஸ்டேட் ஆர்க்கைவ்ஸோட ஆஷ்வில் கிளைக்கு போகணும். ஹெர்பர்ட் பேயரோடது டென்வர் ஆர்ட் மியூசியம். ஸ்கூலோட கடைசி டைரக்டர் மீஸ் வான் டெர் ரோவோட டிராயிங்ஸ் நியூயார்க்ல மோமாங்கற மாடர்ன் ஆர்ட் மியூசியத்துல, லெட்டருங்க பெரும்பாலும் வாஷிங்டன்ல லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல. மார்செல் பிராயர்னா சிராக்யூஸ் யுனிவர்சிட்டி ஒரு பக்கம், ஸ்மித்ஸோனியனோட ஆர்க்கைவ்ஸ் ஆஃப் அமெரிக்கன் ஆர்ட் இன்னொரு பக்கம். குரோப்பியஸ் பேப்பரும் ரெண்டு கண்டத்துல கெடக்கு, கொஞ்சம் பெர்லின், கொஞ்சம் ஹார்வர்டோட ஹௌட்டன் லைப்ரரி, ஒரு லெட்டர் இங்க இருந்தா அதுக்கு வந்த பதில் அங்க இருக்கலாம்.

ஆள் யாருன்னு முடிவானதும் பேரை எத்தனை விதமா எழுதலாமோ அத்தனையும் ஒரு எடத்துல குறிச்சு வச்சுக்கோங்க, குறிப்பா பொம்பளைங்க பேரு. ஆனி ஆல்பர்ஸ் 1922ல சேரும்போது அனலீஸ ஃபிளைஷ்மன், அந்த காலத்து ஃபைல்ல ஆல்பர்ஸ்னு தேடினா ஒண்ணும் வராது. மரியானே பிராண்ட் பொறந்த பேரு லீப, கெர்ட்ரூட் ஆர்ன்ட் ஸ்டூடண்டா இருந்தப்ப ஹான்ட்ஷ்க். நெசவு ஒர்க்‌ஷாப்பை நடத்தின குன்ட்டா ஷ்டோல்ட்ஸ்ல் ஆரியே ஷாரோனை கல்யாணம் பண்ணினதால ஷாரோன்னும் வருவாங்க, ரெண்டாவது கல்யாணத்துக்கு அப்புறம் ஷ்டாட்லர்னும் வருவாங்க, அது போதாதுன்னு அந்த ஓ எழுத்து மேல ரெண்டு புள்ளி வேற, அமெரிக்க கேட்டலாக்ல சில எடத்துல புள்ளிக்கு பதிலா ஓவுக்கு அப்புறம் ஒரு ஈ சேர்த்து எழுதியிருப்பாங்க, அதனால புள்ளியோட, புள்ளி இல்லாம, ஈ சேர்த்துன்னு மூணு விதமாவும் போட்டு பாத்துடுங்க.

யார் பேப்பர் எங்க இருக்குன்னு சுத்தமா தெரியலைன்னா ஜெர்மனிக்கு கல்லியோப்பேன்னு ஒரு கேட்டலாக் இருக்கு. ஒருத்தர் விட்டுட்டு போன பேப்பர் மொத்தத்தையும் ஜெர்மன்ல நாஹ்லாஸ்னு சொல்வாங்க, அது எந்த லைப்ரரில எந்த ஆர்க்கைவ்ல இருக்குன்னு காட்டறதுதான் இதோட வேலை. அரசு ஆர்க்கைவ்ஸுக்கு ஆர்க்கிவ்போர்ட்டால்-டி. கெட்டி ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் லாஸ் ஏஞ்சலிஸ்ல பௌஹவுஸ் ஸ்டூடண்ட் வேலைகளும் டைபோகிராஃபி கலெக்‌ஷனும் வச்சிருக்கு, அதோட பட்டியல் ஆன்லைன் ஆர்க்கைவ் ஆஃப் கலிஃபோர்னியாவுல கிடைக்கும்.

இந்த பட்டியலைத்தான் ஃபைண்டிங் எய்ட்னு சொல்றாங்க. புதுசா வர்றவங்க ஓப்பன் பண்ணின உடனே கண்ட்ரோல் எஃப் அழுத்தி பேரை தேடி, இல்லன்னதும் மூடிடுவாங்க. அப்படி பண்ணாதீங்க. மேல ரெண்டு பாரா இருக்கும், கலெக்‌ஷன் யார்கிட்ட இருந்து எந்த வருஷம் வந்துச்சு, என்ன வரிசைல அடுக்கியிருக்காங்க, எதுவரைக்கும் தனித்தனியா லிஸ்ட் போட்டிருக்காங்கன்னு, அதை முழுசா படிங்க. நிறைய எடத்துல லெட்டர் ஒவ்வொண்ணுக்கும் லிஸ்ட் இருக்காது, "கரஸ்பாண்டன்ஸ், ஏ முதல் டி வரைக்கும்"னு ஒரே வரி போட்டு ஒரு பெட்டிய முடிச்சிருப்பாங்க, உங்க ஆளு அந்த ஒரு வரிக்குள்ள ஒக்காந்திருப்பாரு, எந்த சர்ச்சும் அவரை காட்டாது.

ஸ்கூலோட ஆபீஸ் பேப்பர் வேணும்னா கதை வேற. வைமார் காலத்துல பௌஹவுஸ் அரசு ஸ்கூல், அதனால அது டெஸ்ஸாவுக்கு கிளம்பினாலும் ஃபைல் எல்லாம் அரசாங்கத்தோடயே தங்கிடுச்சு, இப்ப வைமார்ல துரிங்கியா மாநிலத்தோட ஹாப்ட்ஷ்டாட்ஸ்ஆர்க்கிவ்ல இருக்கு. மாஸ்டர்ஸ் கவுன்சில், அதாவது டீச்சருங்க கவுன்சிலோட மீட்டிங் மினிட்ஸ், பட்ஜெட், அட்மிஷன், மினிஸ்ட்ரிக்கு எழுதின லெட்டர்னு எல்லாமே, ஸ்கேன் பண்ணி ஆன்லைன்லயும் போட்டிருக்காங்க. என்னைக் கேட்டா பௌஹவுஸ் எப்படி ஓடுச்சுங்கறதை குரோப்பியஸ் எழுதின மேனிஃபெஸ்டோவ விட இந்த ஃபைல்கள்தான் ஒழுங்கா சொல்லும், எந்த பெரிய ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் பணத்துக்கும் ரூமுக்கும் அடிச்சுக்கற லெவலுக்கு வந்துதான் ஆகணும். டெஸ்ஸாவ் காலத்துல அது முனிசிபாலிட்டி ஸ்கூல், அந்த வருஷங்களுக்கு இவ்வளவு முழுசா எதிர்பாக்காதீங்க, பௌஹவுஸ் டெஸ்ஸாவ் ஃபவுண்டேஷனோட கலெக்‌ஷன், பெர்லின், தனி ஆளுங்க பேப்பர் எல்லாத்தையும் ஒட்டி ஒட்டித்தான் பாக்கணும்.

டெஸ்ஸாவ்ல இன்னொரு பிரச்சனை, யாரும் வெளிப்படையா சொல்றதில்ல. டைரக்டருங்க மூணு பேரு, 1928 வரைக்கும் குரோப்பியஸ், 1930 வரைக்கும் ஹான்னஸ் மேயர், கடைசி வரைக்கும் மீஸ். ஆனா பிரபலமான கலெக்‌ஷன் பல குரோப்பியஸ் கைவழியாவோ அவர் நண்பர்கள் வழியாவோ வந்தது. 1938ல மோமா போட்ட பெரிய எக்ஸிபிஷனோட தலைப்பே 1919லேர்ந்து 1928 வரைன்னுதான், அதாவது அவர் கிளம்பினதோட கதை முடிஞ்ச மாதிரி. 1960ல ஹான்ஸ் மரியா விங்லர் டார்ம்ஷ்டாட்ல ஆரம்பிச்ச பௌஹவுஸ்-ஆர்க்கிவ்தான் அப்புறம் பெர்லினுக்கு வந்துச்சு, அதுக்கும் குரோப்பியஸ் ஆதரவு பெருசா இருந்துச்சு. அதனால மேயர் காலத்து வேலை ஏதாவது கம்மியா தெரிஞ்சா அப்ப ஒண்ணும் நடக்கலைன்னு எழுதிடாதீங்க, யார் சேத்து வச்சாங்கங்கறதையும் கூடவே பாருங்க.

ஹார்வர்ட் ஆர்ட் மியூசியம்ஸ் தனியா சொல்லியே ஆகணும். அங்க புஷ்-ரைசிங்கர் மியூசியத்துல பௌஹவுஸ் சம்பந்தப்பட்டது 30000க்கு மேல இருக்கு, 2016ல இருந்து ஆன்லைன்ல தனி செக்‌ஷனே உண்டு. இங்க ஒரு சின்ன டெக்னிக், பொருளோட நம்பரை படிக்க கத்துக்கோங்க. பி ஆர்னு ஆரம்பிச்சு 48ன்னு வந்து அப்புறம் புள்ளி வச்சு இன்னொரு நம்பர் வந்தா, அது 1948ல மியூசியத்துக்கு வந்த பொருள், அந்த ஆண்டு நம்பர் எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டு பாத்தா ஒரே ஆள்கிட்ட இருந்து ஒண்ணா வந்த சாமான் தெரியும். பி ஆர் ஜி ஏன்னு இருந்தா குரோப்பியஸ் ஆர்க்கைவ். சர்ச்ல வராதது கூட இப்படி நம்பரை வச்சு போனா மாட்டும்.

தேதி இல்லாத லெட்டர் நிறைய வரும், அதுக்கு லெட்டர்ஹெட்டை பாருங்க. கை ரெண்டையும் மேல தூக்கி பிரமிடை தாங்கற மாதிரி ஒரு ஆள் உருவம் வட்ட முத்திரைல இருந்தா அது கார்ல் பீட்டர் ரோல் போட்டது, 1919லேர்ந்து வந்த முதல் முத்திரை. கோடும் சதுரமுமா ஒரு முகம் பக்கவாட்டுல இருந்தா பௌஹவுஸ் டீச்சர் ஆஸ்கர் ஷ்லெம்மரோடது, 1922லேர்ந்து வந்தது. 1925ல டெஸ்ஸாவ் போனதும் பேயர் கேபிடல் எழுத்தையே தூக்கிட்டாரு, எல்லாத்தையும் சின்ன எழுத்துல எழுதறோம் அதனால நேரம் மிச்சம்னு லெட்டர்ஹெட் அடிலயே அச்சடிச்சிருப்பாங்க. ஜெர்மன்ல பெயர்ச்சொல் எல்லாத்துக்கும் முதல் எழுத்து பெருசா போட்டாகணும், அதனால சின்ன எழுத்து மட்டும் வச்ச ஸ்கூல் லெட்டர் கண்ணுல பட்ட உடனே தெரியும், 1925 கடைசிக்கு முன்னாடி இருக்க சான்ஸ் ரொம்ப கம்மி. ஒரு எச்சரிக்கை, பழைய பேப்பரை தீர்க்கறதுக்காக பின்னாடியும் யூஸ் பண்ணியிருப்பாங்க, அதனால முத்திரைய வச்சு "இதுக்கு முன்னாடி இல்ல"ன்னு சொல்லலாம், "இதுக்கு அப்புறம் இல்ல"ன்னு சொல்ல முடியாது.

டைப் பண்ணின லெட்டர்னா கூகிள் லென்ஸ் ஓரளவு கை கொடுக்கும். கையெழுத்துன்னா பல சமயம் பழைய குர்ரென்ட் ஸ்டைல்ல இருக்கும், இன்னிக்கு இருக்கற ஜெர்மன்காரங்க நிறைய பேருக்கே படிக்க வராது, பழைய கையெழுத்தை படிச்சு டைப் பண்ணித் தர்ற டிரான்ஸ்கிரிபுஸ்னு ஒரு டூல் இருக்கு அதுல போட்டு பாருங்க, வர்றதை அப்படியே நம்பாம பேரையும் தேதியையும் மட்டுமாவது கண்ணால சரி பாத்துடுங்க.

பழைய ஃபோட்டோவை யூஸ் பண்றப்ப, யார் எடுத்ததுன்னு கீழ போட்டிருக்கற கிரெடிட் லைனை சும்மா காப்பி பண்ணாதீங்க. டெஸ்ஸாவ் பில்டிங்கோட பிரபலமான படங்கள்ல நிறைய லூசியா மொஹோலி எடுத்தது. 1933ல பெர்லினை விட்டு அவசரமா ஓடும்போது 560 கண்ணாடி நெகட்டிவை விட்டுட்டு போனாங்க, அது குரோப்பியஸ்கிட்ட போய் சேந்து அவங்க பேரே இல்லாம எக்ஸிபிஷன், புக்குனு சுத்திச்சு. வக்கீல் வச்சு சண்டை போட்டு 1957ல கெடச்சது ஒரு 230 மட்டும், மத்தது இன்னும் எங்கன்னு தெரியல. அதனால பழைய புக்ல ஃபோட்டோகிராஃபர் பேர் இல்லன்னா, இல்ல ஸ்கூல் பேர் மட்டும் இருந்தா, பெர்லின் ஆர்க்கிவ்ல இருக்கற அவங்க கலெக்‌ஷனோட ஒப்பிட்டு பாத்துட்டு எழுதுங்க.

ஆன்லைன்ல கெடைக்காததுக்கு மெயில் அனுப்புங்க, இங்கிலீஷ்லயே போதும். "பௌஹவுஸ் பத்தி ஆராய்ச்சி பண்றேன், என்ன இருக்கு?"ன்னு கேட்டா பொதுவான பதில்தான் வரும். கலெக்‌ஷன் பேரு, பெட்டி நம்பர், ஃபோல்டர் நம்பர், எந்த வருஷம், எதுக்குன்னு நாலு வரில எழுதுங்க, ஸ்கேனுக்கு என்ன சார்ஜ்னும் அதுலயே கேட்டுடுங்க. நேர்ல போறதா இருந்தா ரொம்ப முன்னாடியே பெட்டிய புக் பண்ணணும், சில எடத்துல பெட்டி வேற பில்டிங்ல இருந்து வரணும். ரீடிங் ரூம்ல பேனா கூடாது பென்சில் மட்டும், பை வெளிய லாக்கர்ல, ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டர்தான் தொறக்கலாம், உள்ள இருக்கற வரிசைய மாத்தவே கூடாது. பெர்லின் பில்டிங்கை புதுப்பிச்சு பெருசாக்க 2018லயே மூடிட்டாங்க, அதனால டிக்கெட் போடறதுக்கு முன்னாடி எது தொறந்திருக்கு, பேப்பரை எங்க பாக்கலாம்னு சைட்ல பாத்துக்கோங்க.

படத்தை பப்ளிஷ் பண்றதுன்னா ரெண்டு விஷயம் தனித்தனி, காப்பிரைட் ஒண்ணு, அந்த ஸ்கேனை யூஸ் பண்ண ஆர்க்கைவ் போடற கண்டிஷன் ஒண்ணு. ஐரோப்பாவுல ஆள் செத்து 70 வருஷம். செத்த வருஷம் பாத்தா கிளே 1940, ஷ்லெம்மர் 1943, காண்டின்ஸ்கி 1944, பௌஹவுஸ்ல பாடம் எடுத்த மொஹோலி-நாகி 1946, இவங்க வேலையெல்லாம் காப்பிரைட் முடிஞ்சு ஃப்ரீ ஆயிடுச்சு. குரோப்பியஸும் மீஸும் 1969, யோசஃப் ஆல்பர்ஸ் 1976, லூசியா மொஹோலி 1989, ஆனி ஆல்பர்ஸ் 1994, இதுக்கெல்லாம் பர்மிஷன் வாங்கணும். அமெரிக்காவுல கணக்கே வேற, அங்க பப்ளிஷ் ஆன வருஷத்தையும் பாக்க வேண்டியிருக்கும்.

கடைசியா, எதை டவுன்லோட் பண்ணினாலும் அதே நிமிஷம் ஃபைல் பேர்லயே ஆர்க்கைவ் பேரு, கலெக்‌ஷன், பெட்டி, ஃபோல்டர் போட்டுடுங்க. வைமார் ஃபைல்கள்ல கட்டு நம்பரோட தாள் நம்பரும் சொல்லணும், அங்க பக்கம் எண்ண மாட்டாங்க தாள்தான் எண்ணுவாங்க, அதனால முன்பக்கமா பின்பக்கமான்னும் சேர்த்து எழுதுங்க, இல்லன்னா ஆறு மாசம் கழிச்சு ஃபுட்நோட் போடும்போது எல்லா ஸ்கேனையும் திரும்ப முதல்ல இருந்து தொறந்து பாக்க வேண்டியதுதான்.